நால்வர் குடும்பத்துக்கு மடித்து எடுத்துச் செல்லும் காற்றுப் படகும் எஞ்சினும்: எதை வாங்கலாம்?

நீரோட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். விடுமுறை நாள்களில் ஏரியிலும் மெதுவாக ஓடும் ஆற்றிலும் குடும்பத்தோடு உலா வருவதற்காக, மடித்துக் காரின் பின்பெட்டியில் வைக்கக்கூடிய காற்றுப் படகு ஒன்றையும் அதற்கேற்ற சிறிய அவுட்போர்டு எஞ்சினையும் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) வாங்க எண்ணியிருக்கிறோம். நானும் மனைவியும், ஒன்பது வயது மகளும், ஆறு வயது மகனும் என நாங்கள் நால்வர். நால்வரின் எடையையும் கூட்டினால் 185 கிலோ வரும். உணவு, தண்ணீர், துண்டுகள், நங்கூரம் ஆகியவற்றுக்கு இன்னொரு 20 கிலோவைச் சேர்த்துக்கொள்ளலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பதால் படகை நிறுத்தி வைக்கத் தனியிடம் இல்லை. காருக்குப் பின்னால் பூட்டும் இழுவண்டியும் எங்களிடம் கிடையாது. நாங்கள் செல்லும் நீர்நிலைகளில் பெரிய அலை எழுவதில்லை. எப்போதாவது, கரை சூழ்ந்த அமைதியான கழிமுகத்துக்கும் செல்லக்கூடும்.

விற்பனையாளர்களிடம் விசாரித்தபோது ஒருவர் 2.3 மீட்டர் படகில் நால்வரும் தாராளமாக அமரலாம் என்றார், மற்றொருவர் 3.3 மீட்டருக்கும் 10 குதிரைத்திறனுக்கும் குறைவாக எதையும் வாங்கக் கூடாது என்றார். காரணம் கேட்டபோது, அனுபவத்தில் சொல்வதாக இருவருமே கூறினார்கள். எந்த நீளம், எந்த வகைத் தரை, எவ்வளவு குதிரைத்திறன், பெட்ரோலா மின்சாரமா என்பவற்றைக் காரணத்தோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

துடுப்புக்காரர் எழுதியது:

வணக்கம் நண்பரே. நீளத்தையும் குதிரைத்திறனையும் முடிவுசெய்வதற்கு முன், காரிலிருந்து நீரின் விளிம்பு வரை எத்தனை கிலோவை யார் தூக்கப் போகிறீர்கள் என்பதை முடிவுசெய்யுங்கள். இத்தகைய படகுகள் கிழிந்துபோய் மூலையில் கிடப்பது அரிது. தூக்கி, விரித்து, காற்றடித்து, திரும்ப உலர்த்தி மடிக்கும் வேலைக்கு மலைத்துப் போய்த்தான் உரிமையாளர்கள் அவற்றை மூலையில் போட்டுவிடுகிறார்கள்.

பட்டைப் பலகைகளாலான தரையுடைய 2.3 முதல் 2.5 மீட்டர் வரையிலான படகு ஏறத்தாழ 20 முதல் 28 கிலோ எடை இருக்கும். காற்றுத் தரையுடைய 2.7 முதல் 3 மீட்டர் வரையிலான படகு 30 முதல் 40 கிலோ. அலுமினியத் தரைப் பலகைகள் கொண்ட 3.2 மீட்டர் படகு 55 கிலோவில் தொடங்கி 70 கிலோவைத் தொடும். எஞ்சின்களைப் பார்த்தால், 2.5 குதிரைத்திறன் நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சின் 13 முதல் 18 கிலோ. 4 முதல் 6 குதிரைத்திறன் வரை உள்ளவை 24 முதல் 27 கிலோ. 8 முதல் 10 குதிரைத்திறன் வரை உள்ளவை 37 முதல் 45 கிலோ. பெரியவர்கள் இருவரில் ஒருவர் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டிருக்க, மற்றவர் தனியாகத் தூக்கக்கூடிய எடைதான் உங்கள் உண்மையான வரம்பு. எஞ்சின் 27 கிலோவைத் தாண்டினால், சேறும் கல்லுமான கரையில் அதைச் சுமந்து இறங்குவது ஆபத்தான வேலை. எஞ்சினை மாட்டும் பின்பலகையில் பொருத்தும் மடக்குச் சக்கரங்களை வாங்கினால் காற்றடித்த படகை எஞ்சினோடு உருட்டிச் செல்லலாம் என்பது உண்மை; ஆனால் காரின் பெட்டியிலிருந்து இறக்கும் வேலையைச் சக்கரம் செய்யாது.

அடுத்தது வேகம். விற்பனையாளர்கள் இதைப் பற்றி விளக்கமாகப் பேசுவதில்லை. நீரை விலக்கிக்கொண்டு செல்லும் படகு தானே எழுப்பும் அலையில் சிக்கிக்கொள்வதால் அதற்கு இயல்பான ஒரு வேக எல்லை உண்டு. நீரைத் தொடும் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.5 ஆல் பெருக்கினால் அந்த வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று தோராயமாகக் கிடைக்கும். 2.5 மீட்டர் நீர்க்கோட்டுக்கு இது ஏறத்தாழ 7 கிலோமீட்டர். அதைத் தாண்ட வேண்டுமானால் படகு நீரின் மேலெழுந்து சறுக்கி ஓட வேண்டும்; அதற்கு மொத்த எடையில் ஒவ்வொரு 25 கிலோவுக்கும் ஒரு குதிரைத்திறன் தேவை என்பது படகோட்டிகள் கையாளும் தோராயக் கணக்கு.

இதை உங்கள் குடும்பத்துக்குப் பொருத்திப் பாருங்கள். ஆட்களும் பொருள்களும் 205 கிலோ, படகு 35 கிலோ, எஞ்சின் 25 கிலோ எனக் கொண்டால் 265 கிலோ. அதைச் சறுக்கி ஓடச்செய்ய 10 குதிரைத்திறனுக்கும் மேல் வேண்டும், 2.9 மீட்டர் காற்றுத் தரைப் படகுகளில் பலவற்றுக்கு அவ்வளவு பெரிய எஞ்சினைப் பொருத்த அனுமதியே இல்லை. 3.3 மீட்டர் படகையும் 10 குதிரைத்திறனையும் எடுத்தாலோ படகின் எடையும் எஞ்சினின் எடையும் கூடி மொத்தம் 310 கிலோவை நெருங்கிவிடுவதால், தேவை 12 குதிரைத்திறனுக்கு மேல் போய்விடும். ஆக, இரண்டாவது விற்பனையாளர் சொன்ன அந்த இணையில் நீங்கள் இருவர் மட்டும் சென்றால் படகு சீறிப் பாயும். நால்வரும் ஏறினால் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு திணறும். நாலு பேரோடு சறுக்கி ஓடும் படகு வேண்டுமென்றால் அது கையால் தூக்கும் படகாக இருக்காது. அந்த ஆசையை விட்டுவிட்டால், 7 கிலோமீட்டர் வேகத்துக்கு 2.5 முதல் 4 குதிரைத்திறன் வரையே போதும். அதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொரு குதிரைத்திறனும் எதிர்க்காற்றுக்கும் எதிரோட்டத்துக்குமான கையிருப்பாக மட்டுமே பயன்படும்.

2.3 மீட்டர் படகை நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்றுக் குழல்களின் பருமன் போக, உள்ளே கிடைப்பது ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளமும் அறுபது சொச்சம் சென்டிமீட்டர் அகலமும்தான். ஒவ்வொரு படகிலும் ஒட்டப்பட்டிருக்கும் தகவல் தகட்டில் அதிகபட்ச ஆட்கள், அதிகபட்ச எடை, அதிகபட்ச எஞ்சின் திறன், காற்றழுத்தம் ஆகியவை இருக்கும். அதில் காணும் ஆள் எண்ணிக்கை மூழ்காமல் மிதப்பதற்கான கணக்கே தவிர, கால் நீட்டி உட்கார்ந்து உணவு உண்பதற்கான கணக்கு அன்று. நான்கு என்று போட்டிருந்தால் வசதியாக இருவர், நெருக்கியடித்து மூவர் என்று படித்துக்கொள்ளுங்கள். எடை வரம்பில் எஞ்சினும் எரிபொருளும் அடங்குமா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது.

தரையில் எனக்குப் பிடித்தது உயர் அழுத்தக் காற்றுத் தரை. மேல் அடுக்கையும் கீழ் அடுக்கையும் ஆயிரக்கணக்கான நூல்கள் இணைத்திருப்பதால், 0.7 பார் (காற்றழுத்த அலகு) வரை காற்றடித்த பின்பும் அது உருண்டைத் தலையணையாக உப்பாமல் பலகை போலத் தட்டையாக நிற்கிறது. 0.7 பார் என்பது ஒரு சதுர மீட்டரில் ஏழு டன் எடைக்கு நிகரான விசை. அத்தனையையும் அந்த நூல்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதை எண்ணினால் எனக்கு இன்றும் வியப்புதான். பட்டைப் பலகைத் தரை மலிவானது, விரைவில் விரியக்கூடியது. ஆனால் காலடியில் தொய்ந்து கொடுக்கும், பிள்ளைகள் எழுந்து நடந்தால் தடுமாறுவார்கள். அலுமினியத் தரை மிக உறுதியானது, மீன் முள்ளுக்கும் தூண்டில் கொக்கிக்கும் அஞ்சாதது. பலகைகளைக் கோத்துப் பூட்டும்போது விரல்கள் நசுங்குவதும் எடையும் அதற்கான விலை.

துணியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு வரி. மடித்து வீட்டுக்குள் வைக்கப்படும் படகுக்கு, இணைப்புகள் வெப்பத்தால் உருக்கி ஒட்டப்பட்ட 0.9 மில்லிமீட்டர் பிவிசி போதுமானது. ஹைப்பலான் எனப்படும் செயற்கை ரப்பர் துணி, ஆண்டு முழுவதும் வெயிலில் கிடக்கும் படகுக்குத்தான் அவசியம்.

என் பரிந்துரை: 2.9 முதல் 3.1 மீட்டர் வரை நீளம், காற்றுத் தரை, காற்றால் நிரம்பும் ஏரா (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு போன்ற பகுதி), 3.5 அல்லது 4 குதிரைத்திறன்.

பழைய எஞ்சின் எழுதியது:

துடுப்புக்காரர் ஐயாவின் கணக்கில் பிழையில்லை. முடிவில்தான் எனக்கு உடன்பாடு பாதி. பிள்ளைகள் வளர்வார்கள். ஒன்பது வயது மகளுக்கு நான்கு ஆண்டுகளில் பதின்மூன்று வயதாகும். அப்போது மொத்த எடை 205 கிலோவில் நிற்காது. 3.1 மீட்டருக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பேன். எஞ்சினிலும் 3.5 இல் நிற்காமல், தகடு அனுமதித்தால் 5 அல்லது 6 குதிரைத்திறனுக்குச் செல்லுங்கள். காரணம் வேகம் அன்று, பல்லிணை (கியர்). 2.5 முதல் 3.5 வரையிலான எஞ்சின்கள் பெரும்பாலும் முன்னோட்டமும் நடுநிலையும் மட்டுமே கொண்டவை. பின்னோக்கிச் செல்ல எஞ்சினையே முழுவதுமாகத் திருப்ப வேண்டும். அவற்றிலும் சிலவற்றில் நடுநிலைக்கான நெம்புகோலே கிடையாது, விசையைக் குறைத்தால் மையவிலக்குக் கிளட்ச் தானாக விடுபடும். பழகியவருக்கு இதில் சிரமம் இல்லை. ஆனால் காற்றடிக்கும் நாளில், படகுத்துறையை ஒட்டி, பிள்ளைகள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும் வேளையில், முன் - நடு - பின் என்ற மூன்று நிலைகளும் கைக்கெட்டும் நெம்புகோலில் இருப்பதன் அருமை புரியும். 4, 5, 6 என்ற மூன்று அளவுகளையும் பல நிறுவனங்கள் ஒரே சிலிண்டர் உடலில்தான் தயாரிக்கின்றன. ஆகவே 4 ஐத் தூக்க முடிந்தவருக்கு 6 உம் ஏறக்குறைய அதே எடைதான்.

எஞ்சினிலிருந்து புரொப்பெல்லர் வரை கீழே இறங்கும் தண்டின் நீளத்தைப் பலர் கவனிப்பதில்லை. இந்த அளவுப் படகுகளின் பின்பலகை ஏறத்தாழ 38 சென்டிமீட்டர் உயரமுடையது. அதற்குக் குறுந்தண்டு எஞ்சின் வேண்டும். 51 சென்டிமீட்டர் நெடுந்தண்டு, தள்ளுபடியில் கிடைக்கிறது என்பதற்காக வாங்கப்பட்டால், ஆழமற்ற நீரில் தரையைத் தட்டும். படகையும் இழுத்துப் பிடிக்கும். புரொப்பெல்லருக்கு நேர் மேலே கிடைமட்டமாக இருக்கும் தகடு, படகின் அடிப்பரப்புக்குச் சமமாகவோ இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கீழாகவோ இருந்தால் பொருத்தம் சரி.

பெட்ரோல் எஞ்சினைக் காரில் கொண்டுசெல்வதற்கும் முறை உண்டு. எரிபொருள் குழாயை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டால் கார்புரேட்டரில் தங்கும் பெட்ரோல் தீர்ந்துவிடும். எரிபொருள் கலத்தின் மூடியில் உள்ள காற்றுத் திருகையும் இறுக்க வேண்டும். நான்கு வீச்சு எஞ்சினை எந்தப் பக்கமாகச் சாய்த்து வைக்கலாம் என்பது அதன் உறையிலேயே குறிக்கப்பட்டிருக்கும். மறுபக்கமாகக் கிடத்தினால் அடிப்பெட்டி எண்ணெய் சிலிண்டருக்குள் புகுந்து, அடுத்த முறை கயிற்றை இழுக்கும்போது புகை மட்டும்தான் வரும். எத்தனால் கலந்த பெட்ரோலைச் சில வாரங்கள் உள்ளேயே விட்டுவைத்தால் கார்புரேட்டரின் நுண்துளைகள் பசைபிடித்து அடைபடும். சிறிய எஞ்சின்கள் கிளம்ப மறுப்பதற்கு இதைவிடப் பொதுவான காரணத்தை நான் கண்டதில்லை.

2.5 குதிரைத்திறன் எஞ்சினின் உட்கலத்தில் ஒரு லிட்டர் அளவுக்குத்தான் பெட்ரோல் கொள்ளும். முழு விசையில் அது ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும். ஆடும் படகில் பிள்ளைகளுக்கு நடுவே புனலை வைத்துப் பெட்ரோல் ஊற்றுவது எனக்கு உவப்பானதன்று. 5, 6 குதிரைத்திறன் எஞ்சின்களில் பலவற்றுக்குத் தனிக்கலத்தைக் குழாய் மூலம் இணைக்கலாம் என்பது அவற்றைப் பரிந்துரைக்க எனக்கு இரண்டாவது காரணம்.

கரையோரம் எழுதியது:

மேலே இருவரும் எஞ்சினைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகளோடு பல ஆண்டுகளாகப் படகில் செல்லும் தாய் என்ற முறையில் நான் மற்றொரு பக்கத்தைச் சொல்கிறேன்.

படகை வாங்கும் பணத்திலிருந்து முதலில் உயிர்காப்பு அங்கிகளுக்கு ஒதுக்குங்கள். 50 நியூட்டன் மிதப்புடையவை நீந்தத் தெரிந்தவர்களுக்கான துணைக்கருவிகள் மட்டுமே. பிள்ளைகளுக்குக் குறைந்தது 100 நியூட்டன், கழுத்துப் பட்டையோடும் கால்களுக்கிடையே செல்லும் வாரோடும் இருக்க வேண்டும். அந்த வார் இல்லாவிட்டால் நீரில் விழுந்த குழந்தை கீழே நழுவ, அங்கி மட்டும் மேலே மிதக்கும். அங்கியை அணிவித்துத் தோள்பட்டைகளைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். மோவாய்க்கும் காதுக்கும் மேலே அது ஏறினால் அளவு பெரிது. வளர்ந்த பின்பும் அணியட்டும் என்று பெரிதாக வாங்கும் வழக்கத்தை இந்த ஒரு பொருளில் கைவிடுங்கள்.

பிள்ளைகள் முன்பக்கக் குழலின் மேல் அமர்ந்து கால்களை வெளியே தொங்கவிட விரும்புவார்கள். எஞ்சின் ஓடும்போது அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். முன்னால் விழுபவர் படகுக்கு அடியில் சென்று புரொப்பெல்லர் இருக்கும் இடத்தில்தான் வெளிவருவார். பிள்ளைகளின் இடம் தரைதான். காற்றுத் தரையாக இருந்தால் அவர்கள் அதில் அமர்வதற்கு முரண்டு பிடிக்க மாட்டார்கள் என்பது அந்த வகைக்கு ஆதரவாக நான் சொல்லக்கூடிய காரணம். எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை ஓட்டுபவர் மணிக்கட்டிலோ காலிலோ மாட்டியிருக்க வேண்டும்; அதைப் பிடுங்கினால் எஞ்சின் நின்றுவிடும் என்பதை ஒன்பது வயதுக் குழந்தைக்குக் கற்றுக்கொடுத்து, கரையோரத்தில் ஒருமுறை செய்யவும் சொல்லுங்கள். உங்கள் மனைவியும் எஞ்சினைக் கிளப்பவும் திருப்பவும் தெரிந்திருப்பது அவசியம். நீரில் விழுபவர் நீங்களாகவும் இருக்கலாம்.

காற்றைப் பற்றி ஒரு சொல். இவ்வகைப் படகுகள் நீருக்குள் அதிகம் இறங்காமல் மேலே மிதப்பவை. பக்கக் காற்று அவற்றை எளிதில் தள்ளிச் சென்றுவிடும். கரையிலிருந்து நீர்ப்பரப்பை நோக்கி வீசும் காற்றில் கரையோர நீர் அமைதியாகத் தோன்றும், நடுவில் சென்ற பின்புதான் திரும்புவதன் சிரமம் தெரியும். ஆகவே புறப்படும்போது காற்றை எதிர்த்துச் செல்லுங்கள். திரும்பும்போது எஞ்சின் நின்றுபோனாலும் காற்று உங்களைப் புறப்பட்ட இடத்தை நோக்கித் தள்ளும். இரண்டு துடுப்புகளும், நீரின் ஆழத்தைப் போல ஐந்து மடங்கு கயிறுடைய நங்கூரமும் எப்போதும் படகில் இருக்கட்டும். எஞ்சின் நின்றால் முதலில் செய்ய வேண்டியது கயிற்றை இழுத்து இழுத்துப் பார்ப்பதன்று, நங்கூரத்தை இறக்குவது.

ஐரோப்பிய விதிமுறைப்படி தயாரான படகுகளில் டி என்ற பிரிவு, காற்று பியூஃபோர்ட் அளவில் (காற்றின் வலிமையைக் குறிக்கும் எண் வரிசை) நான்குக்கும் அலை 0.3 மீட்டருக்கும் உட்பட்ட, மறைவான நீருக்கானது. சி என்ற பிரிவு, காற்று ஆறு, அலை 2 மீட்டர் வரை. சி பிரிவுத் தகடு இருந்தாலும் பிள்ளைகளோடு டி பிரிவுக்கான நீரிலேயே இருப்பது என் வழக்கம். பதிவும் ஓட்டுரிமமும் எந்தத் திறனிலிருந்து தேவை, அந்த நீர்நிலையில் பெட்ரோல் எஞ்சினுக்கு அனுமதி உண்டா என்பவை இடத்துக்கு இடம் மாறுபடும். எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அவற்றைக் கேட்டுவிடுங்கள்.

நீரோட்டம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நால்வரோடும் சறுக்கி ஓடும் ஆசையை விட்டுவிட்டோம், 3.1 மீட்டர் காற்றுத் தரைப் படகு என்று முடிவாகிவிட்டது. கரையோரம் அம்மா சொன்னபடி விசாரித்ததில், நாங்கள் அடிக்கடி செல்லும் ஏரியில் பெட்ரோல் எஞ்சினுக்கு அனுமதி இல்லை என்று தெரிந்தது. ஆற்றில் அனுமதி உண்டு. ஆகவே மின் எஞ்சினைப் பற்றி மேலும் அறிய வேண்டியுள்ளது. ஒரே மின்கலத்தில் எவ்வளவு தூரம் நம்பிச் செல்லலாம்? மேலும், பழைய படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பார்க்கச் சென்றால் எவற்றைச் சோதிக்க வேண்டும்? நண்பகல் வெயிலில் குழல்கள் வெடிக்குமா என்று என் மகன் கேட்கிறான். எனக்கும் அந்த ஐயம் உண்டு.

துடுப்புக்காரர் எழுதியது:

ஏரியின் விதியே உங்களுக்காக முடிவுசெய்துவிட்டது என்பேன். மின் எஞ்சின்தான் பொருத்தம். ஒரு கிலோவாட் அளவிலான, மின்கலம் எஞ்சினின் தலையிலேயே அமரும் வகையில் 900 முதல் 1300 வாட்-மணி வரை சேமிப்பு கிடைக்கிறது. மின்கலத்தோடு சேர்த்து 17 முதல் 20 கிலோ. மின்கலத்தைத் தனியே கழற்றி இரண்டு சுமைகளாக எடுத்துச் செல்லலாம் என்பதால் தூக்குவது எளிது. விளம்பரங்களில் இதை 3 குதிரைத்திறனுக்கு நிகர் என்பார்கள். தள்ளுவிசையில் அது ஓரளவு உண்மை, ஓடும் நேரத்தில் அன்று.

1200 வாட்-மணி மின்கலத்தை எடுத்துக்கொள்வோம். முழு விசையில் ஒரு கிலோவாட் செலவானால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். ஆனால் நீரை விலக்கிச் செல்லும் படகுக்குத் தேவைப்படும் திறன், தோராயமாக வேகத்தின் மும்மடிப்படி ஏறுகிறது. மணிக்கு 7 கிலோமீட்டருக்குப் பதில் நாலரை கிலோமீட்டரில் சென்றால் 250 வாட் அளவே செலவாகும். அதே மின்கலம் நாலரை மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். முழு விசையில் 8 கிலோமீட்டர் தூரம் செல்லும் படகு, பொறுமையாகச் சென்றால் 20 கிலோமீட்டர் தூரம் செல்லும். எதிர்க்காற்றுக்காக மூன்றில் ஒரு பங்கை எப்போதும் மீதம் வைத்து, 13 கிலோமீட்டர்தான் உங்கள் எல்லை என்று கொள்ளுங்கள். மின்கலக் காட்டியில் சதவீதத்தைப் பார்ப்பதைவிட, போகும் வழியில் எவ்வளவு செலவானது என்பதைப் பார்த்து, மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பிவிடும் பழக்கம் நல்லது.

12 வோல்ட் தூண்டில் மோட்டாரும் (மீன்பிடிப் படகுகளில் மாட்டும் சிறு மின் மோட்டார்) தனி மின்கலமும் மலிவான மாற்று வழி. 55 பவுண்டு தள்ளுவிசை உடையது முழு விசையில் ஏறத்தாழ 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி ஈய அமில மின்கலத்தில் பாதியை மட்டுமே தொடர்ந்து பயன்படுத்தலாம் என்பதால் ஒரு மணி நேரந்தான் கணக்கு. அதன் எடையோ 25 கிலோவைத் தாண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலமானால் எடை பாதிக்கும் கீழே இறங்கும். ஏரிக்கு இது போதும். ஓட்டமுள்ள ஆற்றில் எதிர்த்து வர இதை நம்ப மாட்டேன்.

பழைய எஞ்சின் எழுதியது:

மின் எஞ்சினுக்கு நான் எதிரியல்லன். ஏரிக்கு அதுவே சரி. ஆற்றின் வேகத்தை மட்டும் ஒருமுறை அளந்துவிடுங்கள். மிதக்கும் சருகு 10 மீட்டர் தூரத்தை 10 வினாடியில் கடந்தால் ஓட்டம் மணிக்கு 3.6 கிலோமீட்டர். நாலரை கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் உங்கள் படகு, அதை எதிர்த்து மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாகத்தான் முன்னேறும். ஆற்றில் முதலில் எதிரோட்டமாகப் போய், பிறகு ஓட்டத்தோடு திரும்புங்கள்.

பழைய படகைப் பார்க்கும்போது, வீட்டுக்குள் அல்லது நிழலில் முழு அழுத்தத்துக்குக் காற்றடித்து, மறுநாள் காலை அதே நேரத்தில் பார்க்கக் கேளுங்கள். விற்பவர் தயங்கினால் அங்கேயே விடை கிடைத்துவிடுகிறது. இரவில் குளிர்ந்து சற்றுத் தளர்வது இயல்பு. ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிடத் தளர்ந்திருந்தால் அங்கே கசிவு உண்டு. சவர்க்கார நீரைத் தூரிகையால் வால்வுகள், இணைப்புகள், குழலும் பின்பலகையும் சேரும் இடம் ஆகியவற்றில் பூசினால் குமிழி காட்டிக்கொடுக்கும். வால்வுக் கசிவு சிறிய செலவு. ஒட்டுக்கசிவு, குறிப்பாகப் பசையால் ஒட்டப்பட்ட பிவிசி படகில், ஓரிடத்தில் தொடங்கினால் மற்ற இடங்களுக்கும் பரவும். அத்தகையதை வாங்க வேண்டாம். பின்பலகையை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் மொத்தென்று ஒலிக்கும் இடத்தில் ஒட்டுப்பலகை ஊறியிருக்கிறது. துணி விரலில் ஒட்டினால் வெயில் அதன் பிசினைத் தின்றுவிட்டது என்று பொருள்.

உடன் பெட்ரோல் எஞ்சினும் வந்தால், நீரால் குளிர்விக்கப்படும் வகையாக இருக்கும் பட்சத்தில், ஓடும்போது பின்னாலிருந்து மெல்லிய நீர்த்தாரை விடாமல் வருகிறதா என்று பாருங்கள். பல்லிணைப் பெட்டியின் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்த்தால், பால் நிறமாக இருப்பின் உள்ளே நீர் புகுந்துள்ளது.

தம்பியின் கேள்விக்கு விடை: அளவோடு அடித்தால் வெடிக்காது, ஆனால் அழுத்தம் எதிர்பார்ப்பதைவிட அதிகம் ஏறும். 20 டிகிரியில் 0.25 பார் காட்டிய குழல், உள்ளிருக்கும் காற்று 40 டிகிரியானால் ஏறத்தாழ 0.34 பார் காட்டும். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து வரும் மொத்தம்தான் வெப்பத்தோடு ஏழு சதவீதம் உயர்கிறது. அளவி காட்டுவதோ அதன் மேல்பகுதியை மட்டும் என்பதால் ஏற்றம் மூன்றில் ஒரு பங்காகத் தெரிகிறது. படகு நீரில் இருக்கும்போது நீர் அதைக் குளிர்விக்கிறது. கரையில் இழுத்துப்போட்டு உணவு உண்ணும் வேளையில்தான் ஆபத்து, அதிலும் கருநிறத் துணியானால் விரைவில் சூடேறும். கரையேற்றியதும் ஒவ்வோர் அறையிலும் சிறிது காற்றை விட்டுவிடுங்கள் அல்லது நிழலில் வையுங்கள். நீரில் இறக்கிய பத்து நிமிடம் கழித்து அழுத்தத்தைப் பார்த்து மீண்டும் அடியுங்கள். 3.1 மீட்டர் படகின் குழல்களில் 800 லிட்டர் அளவுக்குக் காற்று கொள்ளும் என்பதால் 12 வோல்ட் மின்பம்பு வாங்குங்கள். அதில் வேண்டிய அழுத்தத்தைக் குறித்துவிட்டால் தானாக நிற்கும் வகை நல்லது. காற்றுத் தரைக்கு உயர் அழுத்த நிலை வேண்டும். சாதாரண மெத்தைப் பம்பு அந்த அளவை எட்டாது. எல்லாக் குழல்களையும் முதலில் பாதியளவு நிரப்பி, பிறகு தரையையும் ஏராவையும் நிரப்பி, கடைசியில் குழல்களைச் சுற்றிவந்து முழு அழுத்தத்துக்குக் கொண்டுசெல்வது பெரும்பாலான படகுகளுக்குப் பொருந்தும். கையேட்டில் வேறு வரிசை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.